துறட்டியும் மின்கம்பியும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வானம் பார்த்த பூமியே மிகுதி. மழை பொய்த்தால் பருத்தியும் மக்காச்சோளமும் பொய்த்துவிடும். அப்போது குடும்பத்தைத் தாங்குவன கொல்லையில் கட்டிக் கிடக்கும் நாலைந்து வெள்ளாடுகளே. கோடையில் அவற்றுக்குப் புல் ஏது? வேப்பந்தழையும் பூவரசந்தழையும் வாதநாராயணன் தழையுமே உணவு. ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் எது இல்லாவிட்டாலும் தாழ்வாரத்தில் ஒரு துறட்டி சாத்தியிருக்கும்.

முன்பெல்லாம் துறட்டிக் கோல் மூங்கிலாக இருந்தது. இன்று இரும்புக் குழாயும் அலுமினியக் குழாயும் வந்துவிட்டன. முறிவதில்லை, வேண்டிய நீளத்திற்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த நீளத்தோடு எமனும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்திலும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. ஏறத்தாழ 19 அடி, 20 அடி என்று கொள்ளலாம். பதினைந்தடித் துறட்டியைத் தோளுயரத்தில் பிடித்து நிமிர்த்தினால் அதன் நுனி எங்கே போய் நிற்கும்? சரியாகக் கம்பியில்தான்! வயல்வெளியில் அதனினும் தாழ்ந்து தொங்கும் கம்பிகளும் உண்டு.

என் சித்தப்பா இந்தக் கணக்கைத் தம் வலக்கையைக் கொடுத்து அறிந்தவர். கிணற்றுமேட்டு வாகை மரத்தில் தழை ஒடிக்கப் போனார். மரத்தை ஒட்டிக் கம்பி செல்வது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் அப்போது மோட்டார் ஓடவில்லை. அதனால் கம்பியில் ஒன்றும் இல்லை என்று நம்பினார். இரும்புத் துறட்டி கம்பியில் பட்டது. நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்து, முழங்கைக்குக் கீழே கையை இழந்து திரும்பினார். "கரண்டு இல்லேன்னு நெனச்சுட்டேன் தம்பி" என்று அவர் இன்றும் சொல்வார். இப்போது தழை ஒடிப்பவர் என் சித்தி.

அவருடைய நம்பிக்கை ஊரார் எல்லோருக்கும் உள்ளதே. மும்முனை மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது என்பது உண்மை. ஆனால் வீடுகளில் விளக்கெரிவதற்காக மற்ற முனைகளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். பட்டப்பகலில் விளக்கைப் பார்ப்பவர் யார்? மோட்டாரின் மௌனத்தை மட்டும் சாட்சியாகக் கொள்வது பேதைமை.

"ஆள் மாட்டினால் பீஸ் போய்விடும்" என்பது மற்றொரு நம்பிக்கை. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிறது. அத்தகைய மோட்டார்கள் பலவற்றைத் தாங்கும் பீஸ் அது. 230 வோல்ட்டில் மனித உடலின் வழியே பாய்வதோ ஏறத்தாழக் கால் ஆம்பியர். அதற்குப் பீஸ் அசையாது. ஆனால் அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர், மூச்சுத் தசைகளை இறுக்கி நிறுத்தப் போதும். விரல்களும் தாமே இறுகிக்கொள்வதால் பிடித்த குழாயை விட நினைத்தாலும் விட முடியாது. 11,000 வோல்ட் கம்பியாயின் கேட்கவே வேண்டாம். வெளியே சிறு புண்ணாகத் தெரிவது உள்ளே எலும்புவரை வெந்திருக்கும்.

மூங்கிலுக்கு மாறினால் போதுமா? போதாது. நனைந்த மூங்கிலும், சாறு நிறைந்த பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்துவனவே. கம்பியைத் தொடுவது குழாய்தான் என்றும் இல்லை. தஞ்சையை அடுத்த களிமேட்டில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை நாடே அறியும். உயரமான எதையும் கையாளும்போது முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதே அந்தத் துயரம் சொல்லும் பாடம்.

மின்வாரியத் தொழிலாளர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் கம்பத்தில் ஏறுமுன் 'லைன் கிளியர்' வாங்குகிறார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கம்பிகளை எர்த் செய்த பின்னரே கை வைக்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வரலாம் என்ற அச்சமே காரணம். பயிற்சி பெற்றவர்களே இவ்வளவு அஞ்சும்போது நாம் துணிவது வீரமாகுமா? கம்பியோரக் கிளையைக் கழிக்க வேண்டுமானால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆடு ஒருநாள் பசித்திருந்தால் மறுநாள் மேயும்.

ஒருவர் மாட்டிக்கொண்டால் பாசத்தால் ஓடிப்போய்ப் பிடிப்பவரும் உடன் மாள்கிறார். முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உயரழுத்தக் கம்பியாயின் மின்வாரியத்தார் நிறுத்தும்வரை நெருங்கவே கூடாது. கம்பி அறுந்து விழுந்த இடத்தில் தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். அங்கே நிற்பவர் ஓடாமல், பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, தரையிலிருந்து எடுக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் ஆடு விற்ற பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள். அந்த ஆட்டுக்குத் தழை ஒடித்த கைகள் நம் தாய் தந்தையருடையவை. இங்கே இயற்பியலில் படிக்கும் மின்னோட்டத்தையும் மின்தடையையும் தேர்வுத்தாளோடு விட்டுவிட வேண்டாம். விடுமுறைக்கு ஊர் போனதும் தாழ்வாரத்துத் துறட்டியை அளந்து பாருங்கள். தழை ஒடிக்கும் மரத்தையும் போய்ப் பாருங்கள். கம்பியோரம் நின்றால், வேறு மரத்தைக் காட்டுங்கள்.