மீன் வீட்டுக் கல்யாணம்

உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல் மீன் இருக்கிறதா? இருந்தால், "இதுகள் நம் வீட்டிலேயே குஞ்சு பொரிக்காதா?" என்ற ஆசை என்றைக்காவது ஒரு நாள் உங்களுக்கும் வந்திருக்கும். அந்த ஆசை வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொட்டியே இல்லாத சகோதரிகளும் தாராளமாகப் படிக்கலாம். கல்யாண விஷயம் என்றால் யாருக்குத்தான் அக்கறை இராது?

ஏஞ்சல் மீனுக்குத் தாய்நாடு தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பிரதேசம். ஆனால் அதன் சொந்தக்காரர்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். மார்க்கெட்டில் வாங்குகிறோமே ஜிலேபிக் கெண்டை, அதுவும் மலையாளத்துக் கரிமீனும் இதே 'சிக்லிட்' குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். பெற்ற பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவது இந்தக் குடும்பத்தின் குலதர்மம். கப்பி மீன் குட்டி போட்ட கையோடு மறந்துவிடும். பசித்தால் குட்டியையே விழுங்கியும் விடும். ஜிலேபிக் கெண்டையில் தாய் என்ன செய்கிறது தெரியுமா? முட்டைகளை வாயிலேயே அடைகாக்கிறது. அந்த நாட்களில் அநேகமாக இரையே எடுப்பதில்லை. ஏஞ்சல் மீனோ, தாயும் தகப்பனுமாகச் சேர்ந்தே முட்டைக்குக் காவல் நிற்கும்.

சரி, தாயும் தகப்பனும் வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

எங்கள் அடுத்த வீட்டு மாமி, ஒரு கடையில் 'ஜோடி' என்று கேட்டு இரண்டு பெரிய ஏஞ்சல் வாங்கி வந்தார். "கடைக்காரன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான், இது ஆண், இது பெண் என்று!" என்றார். இரண்டும் இணை பிரியாமல் திரிந்தன. முட்டையும் இட்டன. மூன்றாம் நாள் அத்தனை முட்டையும் வெண்மையாகிப் பூசணம் பூத்துவிட்டது. மறுபடியும் அப்படியே. கடைசியில் பார்த்தால், இரண்டுமே பெண்! ஆண் துணை கிடைக்காதபோது இரண்டு பெண் மீன்கள் கூடிக் குடித்தனம் செய்து முட்டையிடுவது ஏஞ்சல் இனத்தில் சகஜம்.

கடைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முட்டையிடும் சமயம் வரும் வரையில் ஏஞ்சல் மீனில் ஆண் எது, பெண் எது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்போதுதான் அடிவயிற்றில் சின்னக் குழல் ஒன்று தென்படும். கூராக, மெல்லியதாக இருந்தால் ஆண்; சற்றுத் தடித்து மழுங்கியிருந்தால் பெண்.

ஆகையால் ஜோடியாக வாங்காதீர்கள். வெவ்வேறு தொட்டியிலிருந்து, பொடிக் குஞ்சாகப் பார்த்து ஆறு வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, வண்ண மீனுக்குப் பெயர்போன கொளத்தூர் இருக்கவே இருக்கிறது. ஏன் ஆறு என்கிறீர்களா? ஆறும் ஆணாகவோ ஆறும் பெண்ணாகவோ அமைந்துவிட 32-ல் 1 பங்குதான் வாய்ப்பு. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் அவற்றைச் சேர்ந்தே வளர விடுங்கள். எட்டு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். பிறகு பாருங்கள் வேடிக்கையை! இரண்டு மீன் மட்டும் ஒரு மூலையைத் தங்களுடையதாக்கிக் கொள்ளும். துடுப்பை விரித்து ஒன்றுக்கொன்று அழகு காட்டும். உதட்டோடு உதடு கவ்வி இழுத்துப் பலம் பார்க்கும். வேறு மீன் எதுவும் கிட்டே வந்தால் விரட்டும். அதுதான் நிச்சயதார்த்தம். உடனே மற்ற நாலையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை அடிபட்டே சாகும்.

நாமாக இரண்டைப் பிடித்து ஒன்றாகப் போட்டால் என்ன? சில சமயம் ஒத்துப்போகும். பல சமயம் ஒன்று மற்றதைக் குதறிவிடும். குதறாமல் சேர்ந்திருந்தாலும் மனம் ஒன்று இருக்கிறதே! பிரான்ஸ் தேசத்தில் திஜோன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த வரி மீன் ஒன்றை வைத்து இதைச் சோதித்து, 2019-ல் வெளியிட்டார்கள். பெண் மீனுக்கு முதலில் ஒரு பாடம் கற்பித்தார்கள். ஒரு நிற மூடியைத் தள்ளினால் டப்பாவில் இரை உண்டு. இன்னொரு நிறமானால் இல்லை. பிறகு இரண்டுக்கும் நடுத்தரமாகச் சாம்பல் நிற மூடியை வைத்தார்கள். தான் விரும்பிய ஆணோடு இருந்த மீன் முன்போலவே போய்த் திறந்து பார்த்தது. விரும்பாத ஆணோடு விடப்பட்டதோ, 'இதில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது?' என்பதுபோல் தயங்கித் தயங்கித்தான் போயிற்று. மீனுக்கும் மனம் சோர்கிறது, அம்மா!

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏஞ்சல் ஜோடி சேர்ந்த வருஷம்தான் எங்கள் பெண்ணுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் வீட்டார் வந்தார்கள். ஜாதகம் பொருந்திற்று. பையனுக்கு நல்ல உத்தியோகம். இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். "வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவருக்கு அந்த இடத்தை விட மனமில்லை. பெண் தொட்டியைக் காட்டிச் சொன்னாள்: "அப்பா, இதுகளுக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தீர்கள். எனக்கு ஆறு வாரம் கொடுக்கக் கூடாதா?"

அவர் பதில் பேசவில்லை. ஆனால் ஆறு வாரம் அவகாசம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் சம்மதிக்கவில்லை, இடம் தவறிப் போயிற்று. அதைப் பற்றி எங்கள் வீட்டில் வெகு நாள் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. மறு வருஷம் வந்த வரனோடு மூன்று மாதம் பேசிப் பழகி, அவளாகவே "சரி" என்றாள். மீனைப் பார்த்து மனிதர்கள் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவகாசம் கேட்பது குற்றமில்லை என்று மட்டும் எனக்குப் பட்டது.

மீனுக்கு வருவோம். ஜோடி அமைந்த பிறகு நமக்குள்ள காரியம், பிறந்த வீட்டுச் சீர் செய்வது போலத்தான். 80 லிட்டர் பிடிக்கும் உயரமான தொட்டி ஒன்று. 27, 28 டிகிரி சூடு; சென்னையில் மார்கழி, தை தவிர ஹீட்டருக்கு வேலையில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் பாதி கலந்து கொள்ளுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். புது நீர் சற்றே குளிர்ந்திருந்தால் மழைக்காலம் வந்ததாக எண்ணி மீன்கள் உற்சாகம் கொள்ளும். உலர் தீனியோடு புழு, கொசுப்புழு என்று நல்ல ஆகாரமும் வேண்டும்.

முட்டையிட ஓர் இடம் வேண்டுமல்லவா? குழந்தைகளின் பழைய கல் சிலேட்டைச் சட்டம் கழற்றிச் சாய்த்து வைத்தால் போதும். கடப்பைக்கல் மட்டும் வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் இனம், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடும் குழந்தைகளைக் கொஞ்ச நாள் தூரத்தில் நிறுத்துங்கள்.

ஒரு நாள் இரண்டும் சிலேட்டை வாயால் சுத்தம் செய்யத் தொடங்கும். நம் வீட்டில் பண்டிகைக்கு ஒட்டடை அடிப்பது போல, விடாமல் ஒன்றிரண்டு நாள் செய்யும். பிறகு பெண் வரிசை வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டே போக, ஆண் அதன் பின்னாலேயே போய் உயிர் கொடுக்கும். நூற்றுக்கணக்கில் முட்டை! முறை வைத்துக்கொண்டு துடுப்பால் விசிறும். வெளுத்துப் போனதைப் பொறுக்கி எடுக்கும். இரண்டு மூன்று நாளில் பொரித்து, மேலும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தும். அது வரை ராத்திரியில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டில் திடுக்கிட்டால் பெற்றோர் கலங்கிவிடும்.

முதல் ஈடு முட்டையைத் தின்றுவிட்டால் மனம் நொந்து போகாதீர்கள். இளம் தம்பதிகள், அனுபவம் போதாது. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் இடும். வியாபாரிகள் முட்டையை உடனே எடுத்துத் தனியாகப் பொரிக்க வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு ஈடு போயிற்று. "எடுத்துவிடேன்" என்றார் என் கணவர். நான் எடுக்கவில்லை. மூன்றாவது ஈட்டில், பொடிப் பொடியாக ஒரு மேகம் போலக் குஞ்சுகள் நடுவில் நீந்த, இரு பக்கமும் தாயும் தகப்பனும் போனதைப் பார்த்தோமே, அந்தக் காட்சிக்கு விலையே இல்லை.

இந்தக் குடும்பத்து மீன்களின் வாத்ஸல்யத்தைப் பற்றிக் கான்ராட் லாரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, 1949-ல் வெளியான தம் புத்தகத்தில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பின்னால் 1973-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மாலையில் குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தது ஒரு தகப்பன் மீன். வழியில் ஒரு புழுத் துண்டு அகப்பட, அதைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து எதிரே தனியாக ஒரு குஞ்சு! அதையும் வாயில் போட்டுக்கொண்டது. ஒன்று வயிற்றுக்குப் போக வேண்டும், மற்றது கூட்டுக்கு. அசையாமல் நின்று யோசித்தது. பிறகு இரண்டையும் வெளியே துப்பிற்று. குஞ்சின்மேல் ஒரு கண் வைத்தபடி புழுவை நிதானமாகத் தின்றுவிட்டு, குஞ்சை எடுத்துக்கொண்டு வீடு சேர்ந்ததாம்!

நீந்தும் குஞ்சுக்கு முதல் ஆகாரம் ஆர்ட்டிமியா. அதன் உலர்ந்த முட்டை டப்பாவில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாய் வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரித்துவிடும். ஒரு நாளைக்கு நாலு வேளை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். குஞ்சை உறிஞ்சிக்கொள்ளாத ஸ்பாஞ்சு ஃபில்டர்தான் ஏற்றது.

எங்களுக்குத் தேறியவை 40. தொட்டி கொள்ளவில்லை என்று யாரும் ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களுக்கே இடமில்லாமல் செய்தது போதும். வளர்க்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொடுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன். அடுத்த வீட்டு மாமிக்கு மட்டும், கேட்பதற்கு முன்பே, எண்ணி ஆறு!