தேசப்படம் சொன்ன மலக்கால்

ஒரு நாட்டில் என்ன நடந்தது என்பதைச் செய்தித்தாள் சொல்லும். ஏன் அந்த இடத்தில் நடந்தது என்று அறியத் தேசப்படத்தைத்தான் கேட்க வேண்டும். புவியியல் வகுப்பில் கேட்ட இவ்வுண்மையை என் அண்ணனுக்காகத் தேடியபோது நேரில் உணர்ந்தேன்.

அண்ணன் இராணுவச் சிப்பாய். ஐ.நா. அமைதிப்படையில் தென் சூடானுக்குச் செல்ல அவருக்கு உத்தரவு வந்தது. போகும் ஊர் மலக்கால். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனவே அந்த ஊரைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

நூலகத்துப் பழைய அட்லஸில் தென் சூடான் என்றொரு நாடே இல்லை. 2011 ஜூலை 9-இல்தான் அது சூடானிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. புதிய படத்தில் அந்நாடு இருக்கிறது. மலக்கால் அதில் ஒரு சிறு புள்ளி.

ஆறுகளைக் காட்டும் படத்தை அருகில் வைத்ததும் அந்தப் புள்ளி பேசத் தொடங்கியது. தெற்கிலிருந்து வரும் வெள்ளை நைல், ஸட் என்னும் பெருஞ்சதுப்பில் பரந்து திரிந்து, மீண்டும் ஆறாகி, சோபாட் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு மலக்காலை அடைகிறது. நகருக்கு வடக்கே எண்ணெய் வயல்கள். ஆற்றுத்துறையும் எண்ணெய் வயலுக்குச் செல்லும் வழியும் ஓரிடத்தில் அமைந்தால், அதை யார்தான் விட்டுக்கொடுப்பர்? 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டபின், அரசுப் படைக்கும் கிளர்ச்சிப் படைக்கும் இடையே அந்நகரம் பலமுறை கைமாறியது. பல்லாயிரம் மக்கள் ஐ.நா. முகாமில் அடைக்கலம் புகுந்தனர். 2018-இல் அமைதி உடன்பாடு கையெழுத்தான பின்னும் மோதல்கள் அடியோடு ஓயவில்லை.

"அங்கே பெரும்பகுதி கரிசல் மண்" என்று அம்மாவிடம் சொன்னேன். கரிசல் காட்டில் பருத்தி எடுத்தே எங்களை வளர்த்தவர் அவர். "அப்படியானால் மழை பெய்தால் வண்டி நகராதே! சோற்றுக்கு என்னடா செய்வார்கள்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகாத அம்மாவின் கேள்வி என்னை வியக்க வைத்தது. மழை மாதங்களில் அங்குள்ள மண்சாலைகள் சேறாகிவிடுகின்றன. லாரி போக முடியாத ஊர்களுக்கு உணவு மூட்டைகளை விமானத்திலிருந்துதான் போடுகிறார்கள்.

முகாமில் பிறந்த குழந்தையை எந்தத் தேசப்படமும் காட்டாது. அக்குழந்தைக்கு எந்த மாதத்தில் பசி வரும், எவ்வழியே உணவு வரும் என்பதை அது காட்டும். காவலுக்குச் செல்பவர், யாரைக் காக்கச் செல்கிறோம் என்று அறிந்து செல்வதே அம்மக்களுக்குச் செய்யும் முதல் மரியாதை.