குறுகுறுவும் கொறகொறவும்

காகம் கரையும். மயில் அகவும். ஆந்தை அலறும். யானை பிளிறும். குதிரை கனைக்கும். பள்ளியில் 'ஒலி மரபு' என்று மனப்பாடம் செய்த பட்டியல் இது. தமிழ் எம்.ஏ. முடித்து, தில்லிக்கு வந்து, இருபது வருடமாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைக்கும் எனக்கு இன்றும் அது தலைகீழாக வரும். ஆனால் 2022 அக்டோபரில், என் மகளின் பத்தாவது பிறந்த நாளுக்காக வீட்டுக்கு வந்த இரண்டு பிராணிகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் கினி பிக். கினி நாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை; பன்றிக்கும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிய கொறிக்கும் பிராணி இது. பெருவில் இன்றும் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தமிழ் அகராதி 'சீமைப் பெருச்சாளி' என்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் இந்தப் பெயரைச் சொன்னது தப்பாகப் போயிற்று. "பிள்ளையாரே அதுமேல ஏறி உக்காந்து அடக்கி வச்சிருக்காரு. நீ காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள்ள விட்டிருக்கியா?" என்றாள்.

எனக்கு இந்தப் பிராணியோடு பழைய பரிச்சயம் ஒன்று உண்டு. மருந்துப் பரிசோதனை பற்றிய செய்திகளில் 'கினி பிக்' என்று வரும்போதெல்லாம் யோசிக்காமல் 'சோதனை எலி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் அப்படி ஓர் அர்த்தம் பெற்றதற்குக் காரணம் இருக்கிறது. 1882இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் நிரூபித்துக் காட்டியதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 1907இல் நார்வேயைச் சேர்ந்த ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் ஸ்கர்வி நோயை இவற்றிடம் உண்டாக்கினார்கள். மனிதனைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது. அதன் உடலைப் பற்றி இப்படி எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். அதற்குக் குரல் உண்டு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

வெள்ளையாக இருந்தவள் பஞ்சு. கறுப்பாக இருந்தவள் மிளகு. வந்த ஒரு வாரத்தில் பிரிட்ஜ் கதவின் சத்தத்தைப் புரிந்துகொண்டார்கள். தில்லிக் காய்கறி வண்டிக்காரர் காயோடு இலவசமாகத் தரும் கொத்தமல்லிக் கட்டு பிரிட்ஜில்தான் இருக்கும். கதவு திறந்து பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும்: 'வீக்! வீக்! வீக்!' கீழே தொடங்கி மேலே ஏறும் விசில். எதிர் வீட்டு சர்தார்ஜி பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். தாயைப் பிரிந்த குட்டி எழுப்புவதும் இதே மாதிரி விசில்தான். சாப்பாடு கேட்பதற்கும் அம்மாவைத் தேடுவதற்கும் ஏறக்குறைய ஒரே சொல். கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மற்ற சத்தங்கள் மெதுவாகப் பிடிபட்டன. மகள் ஒரு தாளில் கட்டம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இடப்பக்கம் ஒலி, வலப்பக்கம் அர்த்தம். தமிழ் எழுதப் பழகட்டும் என்று இரட்டைக்கிளவியாகச் சொல்லிக்கொடுத்தேன். பல்லை நறநறவென்று கடித்தால் கோபம், கிட்டே வராதே. முணுமுணுவென்று பேசிக்கொண்டே கூண்டைச் சுற்றினால் எல்லாம் சௌக்கியம். மடியில் வைத்துத் தடவும்போது அடித்தொண்டையில் குறுகுறுத்தால் திருப்தி. அதுவே இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டு பலமாக உறுமினால் காதல் அல்லது அதிகாரம். திடீரென்று 'ட்ர்ர்' என்று அதிர்ந்து அப்படியே உறைந்து நின்றால் பயம். தமிழில் இந்தப் பிராணிக்கு ஒரு வினைச்சொல்கூட இல்லையே என்று ஆரம்பத்தில் இருந்த குறை தீர்ந்து, எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது.

2024 ஜனவரி. தில்லியில் வெயிலே வராத வாரம். ஒரு கட்டுரைத் தொடரை முடித்துத் தரவேண்டிய அவசரத்தில் இருந்தேன். பஞ்சு கூண்டின் மூலையில் உட்கார்ந்து மெல்லிய சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தாள். "அம்மா, இது வேற மாதிரி இருக்கு" என்றாள் மகள். கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே கேட்டேன். "குறுகுறுங்கறா. தூக்கத்துல சந்தோஷமா இருக்கா" என்றேன். "யாரும் தடவலியேம்மா" என்றாள் அவள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பட்டியலில் 'குறுகுறு' என்ற வரிக்குக் கீழே 'தூங்கும்போதும்' என்று என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் காலை பிரிட்ஜைத் திறந்தபோது ஒரே ஒரு விசில்தான் வந்தது. மிளகின் விசில். பை சரசரத்தது. மறுபடியும் ஒன்றுதான்.

நாயும் பூனையும் காத்திருந்த கிளினிக்கில், கழுத்தில் சால்வை சுற்றிய இளம் டாக்டர் பஞ்சுவின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "ராத்திரியெல்லாம் இந்தக் குரல் வந்ததா?" என்று கேட்டார். "ஆமாம், மூன்று நாளாக" என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. இந்தியில் சொன்னார்: "இது குரல் இல்லை, மேடம். மூச்சு."

நிமோனியா. கினி பிக் மூக்கால்தான் சுவாசிக்கும். வாயால் மூச்சு விடத் தொடங்கினால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். பிற மிருகங்களுக்கு இரையாகும் இனம் என்பதால் நோயை வெளியே காட்டாது. வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். நமக்குச் சாதாரணமான பென்சிலின் வகை மாத்திரை இவற்றின் குடலைக் கெடுத்துக் கொன்றேவிடுமாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தால் எடை குறைவது முன்பே தெரிந்திருக்கும் என்றார்.

இரண்டு நாள், வேறு மருந்தும் கரைத்த உணவும் சிரிஞ்சில் கொடுத்தோம். மூன்றாம் நாள் விடிவதற்கு முன் பஞ்சு போய்விட்டாள். குடியிருப்பின் பின்புறத்தில் வேப்ப மரத்தடியில் புதைத்தோம். மகள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை அம்மாவிடம் போனில் சத்தத்தை விவரித்தேன். முழுதும் கேட்கவே இல்லை அவள். "நெஞ்சுல சளி கட்டிக் கொறகொறங்குதுன்னு சொல்லு. உம் பொண்ணுக்கு ஆறு மாசத்துல அப்படித்தானே இருந்துது? ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு ஓடினியே" என்றாள்.

குறுகுறு அல்ல, கொறகொற. சொல் என்னிடம் எப்போதும் இருந்தது. என் குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்ட சத்தம்தான். நாபியில் எழும் காற்று நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டு எழுத்தாகிறது என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். காற்று வழியில் தடைப்பட்டால் வருவதும் ஒரு சத்தம்தான் என்பது மட்டும் தேவையான நேரத்தில் தோன்றவில்லை. பட்டியல் கையில் இருந்ததால் காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, இரவு இரண்டு மணி இருக்கும். வீட்டுக்குள் ஏதோ பறவை புகுந்துவிட்டது என்று எழுந்தேன். மகளும் வந்துவிட்டாள். பறவை இல்லை. மிளகு. கூண்டின் நடுவில் அசையாமல் நின்று, கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி, சீரான இடைவெளியில் சிட்டுக்குருவிபோல் ஒலித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஒலிக்கும் உடம்பு லேசாகத் துடித்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. சில நிமிடம் கழித்துத் தானாக நின்றது. புல்லைக் கடிக்கப் போய்விட்டாள்.

பிறகு படித்துப் பார்த்தேன். கினி பிக் எழுப்பும் ஒலிகளில் மிக அரியது இது. வருடக்கணக்கில் வளர்த்தும் ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் உண்டு. பயம் என்கிறார்கள் சிலர். துணையை இழந்த துக்கம் என்கிறார்கள் சிலர். ஆராய்ச்சியாளர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

"பஞ்சுவைத் தேடறாளாம்மா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அழகான அர்த்தம், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும். சொல்லவில்லை. காலையில் அவள் பட்டியலில் 'கீச்கீச்' என்று எழுதி என்னைப் பார்த்தாள். வலப்பக்கக் கட்டத்தை அப்படியே விடச் சொன்னேன். முதல் வேலையாக, நான் சேர்த்திருந்த 'தூங்கும்போதும்' என்பதை அடித்துவிட்டு, அதன் கீழே 'கொறகொற: மூச்சு. உடனே டாக்டர்' என்று எழுதினேன்.

கூட்டமாக வாழும் இனம், தனியாக வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவிட்சர்லாந்தில் 2008இலிருந்து ஒற்றை கினி பிக்கை வளர்ப்பது சட்டப்படியே குற்றம். பிப்ரவரியில் பழுப்பு நிறத்தில் ஒருத்தி வந்தாள். பெயர் சீரகம். இருவரும் முதல் இரண்டு நாள் நறநறத்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். மிளகு அந்தப் பறவைக் குரலை மறுபடி எழுப்பவில்லை.

ஞாயிறு தோறும் தராசில் நிறுத்து எடையைக் குறித்துவைக்கிறாள் மகள். நான் தினமும் காலையில் பிரிட்ஜைத் திறந்ததும் கொத்தமல்லியை எடுப்பதில்லை. இரண்டு விசில் வருகிறதா என்று எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறேன்.