பூனைக்கும் நரம்பு உண்டு

விழா மலரில் பூனையைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனோ என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியதென மரபியலில் வகுத்த தொல்காப்பியனார், அவ்வினத்தை இலக்கணத்துக்குப் புறம்பாகக் கருதினாரல்லர். மேலும், யாம் பல்லாண்டாக ஆசிரியப் பணிபுரிந்து வாழும் கல்முனைக் கரையில் பூனை உலவாத வளவு அரிது. நபிகளாரின் தோழர் அபூஹுரைராவின் பெயர் 'பூனைக்குட்டியின் தந்தை' எனப் பொருள்படுவது என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அயல்வீட்டு மூத்தம்மாவின் பூனை நோயுற்றது. கழுத்து நிமிராது, மோவாய் நெஞ்சில் படிந்து கிடக்கும், கண்மணிகள் அகன்றிருக்கும், நடக்க முயன்றால் தள்ளாடி விழும். இரண்டாம் நாள் வலிப்பும் கண்டது. "விசர் பிடிச்சிட்டு" என்று இளைஞர் சிலர் தடியெடுத்தனர். "அடிக்காதீங்க மகன், வாயில்லாச் சீவன்!" என்று மூத்தம்மா குறுக்கே நின்றார். பின்னர் எம்மை நோக்கி, "சேர், இதக் காட்ட ஒரு டொக்டர் இல்லியா?" என்றார்.

தடித்த சாக்கினால் கைகளை மூடிக்கொண்டு, பூனையைப் பெட்டியில் அடைத்து, கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். வைத்தியர் முதலில் வினவியது, "என்ன தின்னக் கொடுக்கிறீர்கள்?" என்பதே. பச்சைச் சூடை மீனன்றி வேறொன்றையும் அது பல வாரமாகத் தொடவில்லை என்றோம். சூடை போன்ற சில மீன்களின் பச்சை ஊனில் தயமினேசு என்னும் நொதியம் உண்டு. அது உயிர்ச்சத்து பீ1ஐச் சிதைத்துவிடும். அச்சத்தின்றி மூளையும் நரம்பும் தொழிற்படா என அவர் விளக்கினார். அச்சத்தையே ஊசி மூலம் ஏற்றினார். எனினும் விசர்நோயைக் கண்ணாற் கண்டு விலக்கிவிட முடியாது என்று எச்சரித்து, தனியே அடைத்துக் கவனிக்கச் சொன்னார். மறுநாள் மாலை பூனை தலை நிமிர்ந்தது. ஊசி தொடர்ந்தது, சின்னாளில் நடை திருந்திற்று.

மாந்தர்க்கு இதே சத்துக் குறைவால் வரும் நோயே பெரிபெரி. அப்பெயர் 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்துப் பிறந்தது என்பர். சாவகத் தீவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் முடங்கியதைக் கண்டு ஆராய்ந்த ஐக்மன், 1929இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

பூனையின் நோய் ஊருக்கே எச்சரிக்கையாய் அமைந்ததும் உண்டு. யப்பானின் மினமாற்றாக் கரையில் 1950களில் மீனவர் வீட்டுப் பூனைகள் சுழன்று துடித்து மடிந்தன. 1956இல் மாந்தரிடத்தும் அந்நோய் உறுதியாயிற்று. 1959இல் தொழிற்சாலை வைத்தியரான ஹொசொக்காவா, ஆலைக் கழிவை 400ஆம் இலக்கப் பூனைக்கு உணவிற் கலந்து ஊட்ட, அதற்கும் அந்நோயே கண்டது. நிறுவனம் அம்முடிவை மறைத்தது. 1970இல் நோய்ப்படுக்கையில் இருந்தவாறே அவர் உண்மையைச் சாட்சியமாக உரைத்தார். மீனில் ஏறிய மெதயில் பாதரசமே காரணம். அது சிதைத்த மூளையை மீட்க மருந்தில்லை.

ஆகவே நடுக்கமும் வலிப்பும் ஒரே நோயின் குறிகள் அல்ல. நாயின் தெள்ளுக்குப் பூசும் பேர்மெத்திரின் மருந்தும் பூனையை நடுங்கச் செய்து கொல்லவல்லது. மாந்தர் உண்ணும் பரசிற்றமோல் மாத்திரை அதற்கு நஞ்சு. காரணம் அறியாது கைம்மருந்து கொடுத்தல் தீது. மீனை அவித்து, சோற்றோடும் பிற ஊனோடும் மாற்றி மாற்றி இடுதல் நன்று. பூனை கடித்தாலோ கீறினாலோ, புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மூத்தம்மா அன்று குறுக்கே நின்றிராவிடின், ஒரு சிற்றூசியால் தீர்ந்த நோய்க்குத் தடியே மருந்தாகியிருக்கும். தடுமாறும் உயிரைக் கண்டவிடத்து, எட்ட நின்று, 'இது யாது உண்டது?' என்று முதலில் வினவும் பழக்கத்தை எம் மாணவர்க்கு யாம் இலக்கணத்தோடு சேர்த்தே கற்பித்து வருகின்றோம்.