பெரியவர்களுக்கு ஒரு கோடைப் பயணம்: திருக்கோவிலூர்

நவரை அறுவடை முடிந்த சித்திரை, வைகாசியில்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொந்தபந்தங்களைப் பார்த்துவரக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. அந்தப் பயணத்தில் தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூரையும் சேர்த்துக்கொள்ளலாம். நட்பின் பெருமை பேசும் ஊர் இது.

மழை இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்ற அளவே இருந்த இடைகழியில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் நின்றபடியே தங்கினார்கள் என்பது உலகளந்த பெருமாள் கோயில் தலவரலாறு. இடம் சிறிதென்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

ஆற்றில் நிற்கிறது கபிலர் குன்று. நண்பன் பாரி இறந்தபின், அவன் மகளை மலையமானுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்கிறது கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு. நண்பர் குடும்பத்துக்காக ஊர் ஊராக அலைந்தவர் அவர்.

வெயிலில் மணல் சுடும். குன்றைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. நடைசாத்தும் முன் கோயில்களுக்கும் போய்விடலாம். மதியம் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஓய்வெடுக்கட்டும்.

பெரியவர்களை வீட்டோடு கட்டிப்போடுவது பெரும்பாலும் கொட்டகையில் நிற்கும் கறவை மாடுதான். “தீவனக் கணக்கைச் சொல்லிட்டுப் போங்கப்பா, பத்து நாளைக்கு நாங்க பாத்துக்கிறோம்” என்று பிள்ளைகள் முன்வந்தால் போதும். அவர்களுடைய பழைய சிநேகிதர்களுக்கும் வயதாகிறது. அடுத்த கோடைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.