பெட்டிக்குள் கென்னடி

எங்கள் வீட்டு வரலட்சுமி நோன்பில் ஜான் எஃப். கென்னடிக்கு ஓர் இடம் உண்டு. சிரிக்காதீர்கள். 1964-ல் அடித்த அமெரிக்க அரை டாலர் அது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அங்கே படிக்கப் போன மாமா திரும்பி வரும்போது அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. காசில் இருப்பது யார் என்று அம்மா கடைசிவரை கேட்டதில்லை. வெள்ளிக் காசு, கலசத்துக்குப் பக்கத்தில் வைக்கணும், அவ்வளவுதான்.

நோன்புக்கு முதல் நாள் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. முதலில் புளி, அப்புறம் விபூதி. கென்னடி ஜொலிப்பார். கூலியாக மறுநாள் இரண்டு கொழுக்கட்டை கூடுதலாகக் கிடைக்கும்.

அம்மா போன பிறகு காசு என்னிடம் வந்தது. போன வருஷம் நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த அண்ணன் பையன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். "சித்தப்பா, 1964 கென்னடியில ஒரு அபூர்வ ரகம் இருக்கு. 2019-ல ஏலத்துல ஒண்ணு லட்சம் டாலருக்கு மேல போச்சு. இதையும் ஸ்லாப் பண்ணிப் பார்க்கலாமே?" என்றான். லட்சம் டாலர்! பெண் கல்யாணத்துக்கு வாங்கின கடன் சட்டென்று கண் முன்னால் வந்து போனது. கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஸ்லாப் என்றதும் உங்களுக்குச் சமையலறைப் பரண்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு. உள்ளங்கைக்குள் அடங்குகிற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. நடுவே காசு. மேலே லேபிளில் காசின் பெயர், வருஷம், மதிப்பெண். இரண்டு பாதியையும் அல்ட்ராசானிக் முறையில் ஒட்டிவிடுகிறார்கள். உடைக்காமல் திறக்க முடியாது.

ஏன் இந்த ஏற்பாடு? விற்கிறவர் 'புத்தம் புதுசு' என்பார். வாங்குகிறவர் 'தேய்ஞ்சு போச்சு' என்பார். பஞ்சாயத்துக்கு மூன்றாவது ஆள் வேண்டாமா? 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்று இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. 1-லிருந்து 70 வரை மதிப்பெண். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் பழைய செம்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. காசை நேரில் பார்க்காமலே வாங்கும் துணிச்சல் ஜனங்களுக்கு வந்தது இந்தப் பெட்டியால்தான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பெட்டியே சரக்காகிவிட்டது! பி.சி.ஜி.எஸ்.ஸின் ஆரம்பகாலப் பெட்டிகளைக் குலுக்கினால் உள்ளே காசு கடகடவென்று ஆடும். அந்தப் பெட்டிக்கென்றே கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு மார்க் கூடக் கிடைக்காதா என்று பெட்டியை உடைத்துக் காசைத் திரும்ப அனுப்புகிறவர்களும் உண்டு. நம் ஊர் மறுமதிப்பீடு மாதிரி. போலிப் பெட்டியும் வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பையன் போன் பண்ணினான். "சித்தப்பா, அசல்தான். ஆனா சாதாரண ரகம். மார்க்கும் போடலை. காசைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணியிருக்குன்னு லேபிள்ல எழுதிட்டாங்க. யார் பண்ணினது?"

"யாரோ" என்றேன்.

தேய்க்கும்போது காசின் மேல்பரப்பு கீறிப்போகிறது. அச்சிலிருந்து வந்த மினுக்கம் திரும்ப வராது. அதனால் மதிப்பெண் கிடையாது. நியாயம்தான். உங்கள் வீட்டில் பழைய காசு கிடந்து, விற்கும் எண்ணமும் இருந்தால் புளியைத் தொடாதீர்கள். மெத்தென்ற பி.வி.சி. உறையிலும் போட்டு வைக்காதீர்கள். நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லட்சம் டாலர் போகட்டும், அது வராது என்று பாதி தெரியும். இத்தனை வருஷ நோன்பையும் ஒரே வார்த்தையில் குறை என்று எழுதிவிட்டார்களே! "காது ஓரம் இன்னும் தேய்டா" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். அந்தக் கீறல் ஒவ்வொன்றும் அவள் சொல்லி நான் போட்டது.

பெட்டி வந்து சேர்ந்ததும் சுத்தியலை எடுத்தேன். மனைவி தடுத்துவிட்டாள். "இருக்கட்டும். இனிமேலாவது தேயாம இருக்கும்."

இந்த வருஷ நோன்பில் கென்னடி பெட்டியோடுதான் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் மேல், அவர் நெற்றிக்கு நேராக, குங்குமம்.

மறுநாள் பெட்டியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தேன். காது ஓரம் மட்டும் கொஞ்சம் அழுத்தி.