புதிய உத்தியோகம்

எழுபத்து மூன்றாவது வயதில் எனக்கு ஒரு புதிய உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, ராஜினாமாச் செய்யவும் வழியில்லை. கோரிப்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாவது மாடி வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அது தன் இயற்கைக் கடன்களைக் கழிக்கும் மண் தொட்டியைத் தினசரி சுத்தம் செய்வதுதான் அந்த உத்தியோகம்.

பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மருமகள். ஒரு மழை நாளில் தர்காவுக்குப் போகும் சந்தில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். தொட்டியையும் அவளே கவனித்துக்கொண்டாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொள்வதோடு சரி.

பிறகு அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற நல்ல சேதி வந்தது. அதன் பின்னாலேயே உறவுக்காரர்களும் வந்தார்கள். "கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது, சாக்கில் கட்டி ஏ.வி. பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வாருங்கள்" என்று ஏகமனதாகத் தீர்ப்பானது. 1889-இல் கட்டி முடித்த அந்தப் பாலம் எத்தனையோ பேரை அக்கரை சேர்த்திருக்கிறது; ஒரு பூனைக்குட்டி அதற்குப் பாரமில்லை. அடுத்த வீட்டுப் பாய் சம்சாரம் மட்டும், "எங்க மார்க்கத்துல பூனைக்கு அசுத்தம்கிறதே கிடையாதுண்ணே. வாயில்லா ஜீவன், பாவம்" என்றாள். அவள் பேச்சு எடுபடவில்லை.

மருமகள் வாதாடவில்லை. அன்று இரவு சாப்பிடவுமில்லை. கை கழுவப் போனவனிடம், "நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா, மாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் லேடி டாக்டர்தான் சங்கதியை விளக்கினார். பயம் முழுப் பொய்யல்ல. டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி; 1908-இல் ட்யூனிஸ் நகரத்தில் நிக்கோல், மான்ஸோ என்ற இருவர் ஒரு கொறிக்கும் பிராணியிடம் கண்டுபிடித்தார்கள். அது பூனையின் குடலில்தான் முட்டையாகி மலத்தோடு வெளிவருகிறது என்பது தெரிய மேலும் அறுபது வருஷமாயிற்று. முதன்முதலாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால் கருவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் பூனையின் மூச்சிலோ ரோமத்திலோ வருவதல்ல அது. எலி, பச்சை இறைச்சி தின்ற பூனை, பொதுவாக முதல் தொற்றின்போது ஓரிரு வாரம்தான் முட்டைகளை வெளியேற்றும். அந்த முட்டையும் வெளியே வந்த உடனே தொற்றாது. முதிர்வதற்கு ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும்கூட அதே அபாயம்தான்.

"பூனையை விரட்ட வேண்டாம். தொட்டியைத் தினம் வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும்" என்றார் டாக்டர்.

வேறு யார்? மகன் வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில். என் சம்சாரத்துக்கு முழங்கால் வலி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதல் நாள் உற்சாகத்தில் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன். மூத்திரத்திலுள்ள அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும் என்பதை இருமி இருமித் தெரிந்துகொண்டேன். பினாயிலும் உதவாது, அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. கையுறை, காலையும் மாலையும் கட்டிகளை அள்ள ஒரு சல்லடைக் கரண்டி, வாரம் ஒரு முறை மண்ணை மாற்றிச் சோப்பும் கொதிநீரும் கொண்டு தொட்டியைக் கழுவுதல், முடிவில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தல்: இவ்வளவுதான் வித்தை. இரண்டு அங்குல உயரம் மண் வேண்டும்; சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தொட்டி கூடாது. வாசனைத் தைலம் தெளித்தால் பூனை கோபித்துக்கொண்டு சோபாவுக்குப் போய்விடும்.

இந்த மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1947 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் குளிரில் மணல் உறைந்துபோனதால், ஓர் அம்மாள் தன் பூனைக்கு அடுப்புச் சாம்பலைப் போட்டாள். பூனை வீடெங்கும் சாம்பல் தடம் பதித்தது. மணல் கேட்டு வந்தவளிடம் எட்வர்ட் லோ என்பவர் உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்தார். அதுவே பெரிய வியாபாரமாயிற்று. ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் நம் கட்ச் பிரதேசத்திலேயே வெட்டி எடுக்கப்படுகிறது.

சாம்பல் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. என் எட்டாவது வயதில் நாங்கள் மாசி வீதியை அடுத்த ஒரு சந்தில் இருந்தோம். எடுப்புக் கக்கூஸ். பின்பக்கத்துச் சின்னத் தகரக் கதவைத் திறந்து, விடியற்காலையில் ஒரு பெண் வாளியும் தகரத் துண்டும் கொண்டு அள்ளிப் போவாள். போகும்போது சாம்பல் தூவுவாள். தீபாவளிக்கு அம்மா பழைய புடவையை எட்ட நின்று போடுவாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தகரக் கதவு சாத்தும் சத்தம் மட்டும்தான் தெரியும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுத்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடைக் குழியில் இறங்கியவர்கள் சாவது இன்னும் நிற்கவில்லை.

ஒரு கைப்பிடி பூனைக் கழிவுக்குக் கையுறை தேடிய நான், எங்கள் வீட்டு ஏழு பேருடையதை அவள் எதைக் கொண்டு அள்ளினாள் என்று அறுபத்தைந்து வருஷம் கழித்துத்தான் யோசித்தேன்.

இந்த மண்ணைக் கக்கூஸில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பையில் இறுகக் கட்டி, குப்பை வாங்க வரும் மாநகராட்சி ஊழியரிடம் கொடுக்க வேண்டும். "இதைப் பிரிக்காதீங்கம்மா, பூனைக் கழிவு இருக்கு" என்றேன் முதல் நாள்.

"யாரும் இப்படிச் சொல்லிக் குடுக்கறதில்லைங்கய்யா" என்றாள்.

அவள் பெயரைக் கேட்டேன். சொன்னாள். இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

பேத்தி பிறந்து நாலு மாதமாகிறது. கண் துறுதுறுவென்று இருக்கிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு கேட்டுப் பார்த்தேன். "உங்களை மாதிரி யாருக்கு மாமா வரும்?" என்று மருமகள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டாள்.